லேசான சைக்கிள்

என் அக்காவின் கணவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு விஷயம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மனிதர் பாதி ஆயுளை வியர்த்துக் கொட்டிக் கழித்தார்.

அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அந்தக் குரல் வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை குடும்பத்தோடு போட்டோ எடுத்தபோது எங்கள் எல்லோரையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னவர், விடச் சொல்ல மறந்துபோனார். அந்தப் படம் இன்னும் அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அத்தனை பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறோம்.

நல்ல மனிதர். ஆனால் கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். செருப்புக் கடையில் "கடிக்குது" என்று சொல்ல வெட்கப்பட்டு, "சரியா இருக்கு" என்று வாங்கி வந்து, கொப்புளத்தோடு நடப்பார். ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் கேட்டதைத் தவறிப்போய் இவர் முன்னால் வைத்தால், சத்தம் காட்டாமல் சாப்பிட்டுவிடுவார். வெட்கம் வந்தால் முகம் சிவக்காது, காது சிவக்கும். அதனால் முடியைக் காது மறைய வளர்த்திருந்தார். எங்களுக்கெல்லாம் அது ஸ்டைல் என்று எண்ணம்.

அவருக்குச் சைக்கிள் தெரியாது என்ற சந்தேகம் எங்கள் யாருக்கும் வராததற்குக் காரணம் பாப்பா. பாப்பா என்றால் அவர்களுடைய ஒரே பெண். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், அதிகாரம் பண்ணுகிறாள், ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். அவள் சின்னவளாக இருந்தபோது அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அத்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். "முன்னாடி பாரு! கீழ பாக்காதே! பின்னாடி திரும்பினா விழுவே!" என்று தெருவே அதிரக் கத்துவார். அந்த வாத்தியாருக்கே பாடம் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஓடத் தெரிந்தால் போதும், ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. இது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் உறைத்தது.

எல்லாம் ஆஸ்பத்திரி இடம் மாறியதில் ஆரம்பித்தது. முன்பு இரண்டு தெரு தள்ளி இருந்தது, அத்தான் கைவீசிக்கொண்டு நடந்து போவார். புதுக் கட்டடத்தைப் புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அத்தானுக்கு அதிகாலை ஷிப்ட். முதல் பஸ் வருவதற்குள் ஷிப்ட் தொடங்கிவிடும். நேரத்துக்கு வர முடியாதவர்களைப் பழைய படங்களை உறையில் போட்டு அடுக்கும் அறைக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மெஷினை விட்டுப் பிரிவதென்றால் அத்தானுக்கு உயிர் போகிற மாதிரி. ஸ்கூட்டர் என்றால் ஓட்டுநர் பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே மீசை முளைக்காத பையன்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அதைக் கேட்டதுமே காது சிவந்துவிட்டது.

"சைக்கிள் வாங்கிடலாம்" என்றாள் அக்கா. "ஒடம்புக்கும் நல்லது. பாப்பாவுக்கே நீங்கதானே கத்துக்குடுத்தீங்க?"

அத்தான் முடியைக் காதுமேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த இடத்தில் "எனக்குத் தெரியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் ஒரு வாரம் சிரித்துவிட்டு மறந்திருப்போம். மனிதர் வாயைத் திறக்கவில்லை.

கடைக்கு நானும் கூடப் போனேன். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். சக்கரம் சம்பந்தப்பட்ட எதற்கும் என்னைக் கூப்பிட்டால் பெருமை. அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் நான், மூன்றாவது மாடியில் அவர்கள்.

கடையில் கூரை முழுக்கச் சைக்கிள்கள் தொங்கின. கடைக்காரர் வாயாலேயே சைக்கிள் ஓட்டுகிறவர். "எதுக்கும்மா? மலை ஏறவா, ரேஸுக்கா, வேலைக்குப் போகவா?"

"வேலைக்கு" என்றாள் அக்கா. "மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ நிறுத்தினா மறுநாள் பூட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கும். தோள்ல தூக்கிட்டு ஏறணும். பை மாட்டணும். மழையில முதுகெல்லாம் சேறு அடிக்கக் கூடாது."

"அப்ப ரோடு பைக்தான். இந்தத் தடி டயரெல்லாம் யானை, நமக்கு வேண்டாம். ஆனா ரொம்ப மெல்லிசாவும் போகக் கூடாது, ஒவ்வொரு குழியும் முதுகெலும்புல வந்து பேசும். கட்டை விரல் அகலம் இருந்தா போதும். அப்புறம் ஃப்ரேம்ல கேரியர் மாட்ட, மட்கார்டு மாட்ட ஓட்டை இருக்கான்னு பாக்கணும். நெறைய பேர் அழகைப் பாத்து வாங்கிட்டு, அப்புறம் முதுகுல மூட்டை சுமக்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு அத்தான் பக்கம் திரும்பினார். "சார் ஒண்ணுமே சொல்லலியே? சார்தானே ஓட்டப் போறீங்க? எப்படி இருக்கணும்?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "லேசா இருக்கணும்" என்றார். "மத்தது எதுவும் முக்கியம் இல்ல. இருக்கறதுலயே லேசா."

இந்த ஒரு சொல் நம் பேச்சில் இரண்டு வேலை பார்க்கிறது. தூக்கினால் கனக்காததும் லேசு, செய்தால் கஷ்டப்படுத்தாததும் லேசு. அத்தான் கேட்டது இரண்டாவதை. ஏறி உட்கார்ந்தால் கீழே தள்ளாத, முதல்முறை ஓட்டுகிறவனுக்கும் அடங்கிப் போகிற ஒரு சாது சைக்கிள். கடைக்காரர் கொடுத்தது முதலாவதை. அவர் உள்ளே போய்க் கொண்டுவந்ததை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார். அலுமினியம் ஃப்ரேம், முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை கார்பன், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். சீட்டை அத்தான் உயரத்துக்கு ஏற்றினார். "நின்னா நுனிவிரல்தான் தரையில படணும் சார். அதுதான் கரெக்ட்."

அத்தான் சீட்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார்.

கடைக்காரர் சைக்கிளைக் கொஞ்சம் உருட்டினார். டிக்டிக்டிக் என்று சத்தம் வந்தது. அக்கா உடனே பிடித்துக்கொண்டாள். "என்னங்க இது, புதுசுலயே பழுதா?"

"பழுது இல்லம்மா, நல்ல வண்டின்னா அப்படித்தான். சும்மா உருட்டினா சத்தம் போடும். பெடலை மிதிச்சா கப்சிப். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார், தெரியும்."

"வேண்டாம்" என்றார் அத்தான். "பாத்தாலே தெரியுது."

கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். "தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்கதான்."

மறுநாளிலிருந்து ஊர் விழிக்கும் முன்னால் எங்கள் படிக்கட்டில் அத்தான் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். தலையில் ஹெல்மெட், கணுக்காலில் பேன்ட்டை இறுக்கும் கிளிப். அக்கா பால்கனியில் நின்று கையசைப்பாள். அத்தான் குனிந்து டயரை அமுக்குவார், பிரேக்கைத் தொட்டுப் பார்ப்பார், ஹேண்டிலைத் துடைப்பார். அக்கா உள்ளே போகும்வரை ஏறமாட்டார். அக்காவும் உடனே உள்ளே போய்விடுவாள். "தெருமுனை வரைக்கும் பாக்க மாட்டியாக்கா? அவ்வளவுதானா பாசம்?" என்று சீண்டினேன். "அடுப்புல வேலை கெடக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு "சைக்கிள் சார்" என்று பெயர் வந்துவிட்டது. வியர்வையோடு போய் நின்றால் பாராட்டத்தானே செய்வார்கள். பெரிய டாக்டர் ஒருநாள் வரவேற்பறையில் எல்லோருக்கும் முன்னால் தோளைத் தட்டி, "இவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்றாராம். புதிதாகச் சைக்கிள் வாங்க நினைத்த இரண்டு நர்ஸுகள் யோசனை கேட்க, அத்தான் கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்திருக்கிறார்: கட்டை விரல் அகல டயர், கேரியருக்கு ஓட்டை. ஒரு நர்ஸு வாங்கியும்விட்டாள். அவள் மணியடித்துக்கொண்டு இவரைத் தாண்டிப் போய்விடக் கூடாதே என்று, அத்தான் இன்னும் சீக்கிரமாக வீட்டை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு புது வழித்தடம் கொடுத்தார்கள். புறவழிச் சாலை ஓரத்தில் இரண்டு பிள்ளைகளை ஏற்ற வேண்டும். வழி பழக வேண்டுமென்று விடிவதற்குள் வேனை எடுத்துக்கொண்டு போனேன். ஆளில்லாத சாலையில் ஹெல்மெட் போட்ட ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார். நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பஞ்சரா அத்தான்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆமா, பஞ்சர்."

அடுத்த நாளும் அதே இடம், அதே நடை. "செயின் கழண்டுடுச்சு" என்றார். அதற்கும் அடுத்த நாள் நான் ஜன்னலை இறக்கும் முன்னாலேயே, "ஏத்தமா இருக்குல்ல, அதான்" என்றார். அந்த ரோட்டில் தண்ணீர் ஊற்றினால், எந்தப் பக்கம் ஓடுவது என்று அது யோசிக்கும். அப்படி ஒரு சமம்.

வேனை ஓரம் கட்டினேன். இறங்கிப் போய்ச் சைக்கிளைப் பார்த்தேன். பெடலில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பிறகு அவருடைய ஷூவைப் பார்த்தேன். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்துபோயிருந்தது.

"அத்தான்" என்றேன். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. வேன் படியில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். இரண்டு காதும் ரத்தச் சிவப்பாக இருந்தன.

"கத்துக்கற வயசுல கையில சைக்கிள் இல்ல" என்றார். "ஒருத்தன்கிட்ட எரவல் கேட்டேன். அவனோட சேர்ந்து பத்துப் பேரு நின்னு, எப்ப விழுவான்னு பாத்தாங்க. ஏறவே இல்ல, குடுத்துட்டு வந்துட்டேன். அப்புறம் வயசு போயிடுச்சு. மீசை வெச்ச ஆளு தெருவுல தத்தித் தத்தி ஓட்டினா சும்மா விடுவாங்களா? போதாததுக்குத் தினம் ஒரு ஒடஞ்ச மணிக்கட்டு வருது என் மேசைக்கு. எல்லாம் சைக்கிள்ல இருந்து விழுந்ததுதான். படத்தைப் பாத்தாலே என் மணிக்கட்டைத் தொட்டுப் பாத்துக்குவேன்."

"கடையிலயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! லேசா இருக்கணும்னு சொன்னேனே!" குரல் உடைந்தது. "அந்தாளு கனத்தை நெனைச்சுட்டாரு. திருத்தினா, ஏன்னு கேப்பாரு. உங்க அக்கா பக்கத்துல நிக்கறா."

லேசு என்பதன் இரண்டு அர்த்தத்தையும் அப்போதுதான் அவர் எனக்கு விளக்கினார். இந்த லட்சணத்தில் இலக்கணப் பாடம் வேறு.

"அக்காகிட்ட நான் சொல்லிடறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை என் கையை அவர் தொட்டதே இல்லை. "வேண்டாம்மா. அவகிட்ட என்ன வேணா சொல்லு, இதை மட்டும் சொல்லாதே. அவளும் பாப்பாவும் என்னை நம்பிக்கிட்டிருக்காங்க." விடுமுறை நாளில் பள்ளி மைதானத்தில் வைத்து நானே கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். வரவும் செய்தார். கேட்டருகே காவலாளி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சைக்கிளைத் தூக்கி வேனில் போட்டுவிட்டார்.

அந்த 'நாளைக்கு' வருவதற்குள் பாப்பா வந்துவிட்டாள். சும்மா வரவில்லை, தன் சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தாள். "அப்பா சைக்கிள்ல வேலைக்குப் போறார்னு ஆபீஸ் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன் சித்தி. நாளைக்குக் காலையில நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஓட்டப் போறோம்" என்று குதித்தாள். அத்தான் சிரித்தார். எக்ஸ்ரேயில் தெரிகிற சிரிப்பு மாதிரி வெறும் பல் மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். "ஒரு உதவி" என்றார். "சைக்கிளைக் கீழ உன் வேனுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். நீ ரிவர்ஸ் எடுக்கறப்போ தெரியாத மாதிரி அதுமேல ஏத்திடு. லேசா ஏத்தினா போதும்."

"எந்த லேசு அத்தான்?" என்று கேட்டுவிட்டேன். என் வாயைத் தைக்க வேண்டும். அவர் முகம் சுருங்கிப்போனது. "ஒரு பொருளை ஒடைக்கணும்னு ஆசைப்படற அளவுக்கு வந்துட்டேன் பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார். அவரே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறும் சத்தம் கேட்டது.

காலையில் நான் அக்கா வீட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன். மனசு கேட்கவில்லை. அக்காவும் நின்றுகொண்டிருந்தாள். கீழே பாப்பா ஒரே தாவலில் ஏறி, "வாங்கப்பா!" என்றாள். அத்தான் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். "நீ முன்னாடி போம்மா. நான் பின்னாடியே வரேன்."

பாப்பா மிதித்துக்கொண்டு போனாள். அவள் சைக்கிள் சத்தமே போடவில்லை. அத்தான் ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓட ஆரம்பித்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஹெல்மெட் ஒரு பக்கம் சரிய, பை முதுகில் தட்டத் தட்ட, டிக்டிக்டிக் என்ற சத்தத்தோடு ஓடினார். அவளுக்குக் கற்றுக்கொடுத்த காலத்தில் எப்படி ஓடினாரோ அதே ஓட்டம். என்ன, வயசு மட்டும் கூடிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

தெரு முனையில் பாப்பா திரும்பிப் பார்த்துவிட்டாள்.

சைக்கிளை நிறுத்தி, இறங்கி, சுவரில் சாய்த்தாள். அத்தான் மூச்சிரைக்க வந்து அவள் முன்னால் நின்றார். என்ன பேசினார் என்று மேலே கேட்கவில்லை. தலை தொங்கியிருந்தது. ஒரு கை சைக்கிளைப் பிடித்திருந்தது, இன்னொரு கை எதையோ தூக்கிக் காட்டுவதுபோல விரலை உயர்த்தியது. லேசைத்தான் விளக்குகிறார் என்று எனக்குப் புரிந்தது. பாப்பா சிரிக்கவில்லை. போய் அவர் சைக்கிளின் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அத்தான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எங்கள் பால்கனியைப் பார்த்துக் கை காட்டப் போனார்.

அந்தக் கை முழுதாக உயர்வதற்குள் அக்கா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

"அக்கா, உனக்கு..."

"மொத நாளே தெரியும்" என்றாள். "கடைக்காரர் சொன்னாரே, ஞாபகம் இல்லையா? உருட்டினாத்தான் சத்தம் வரும், மிதிச்சா வராதுன்னு. தெனமும் இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேப்பேன். அந்த டிக்டிக் தெரு முனை தாண்டற வரைக்கும் நின்னதே இல்ல."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டிருந்தே? அவர் நடந்தே செத்தாரே!"

"கேட்டா, எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அதைத் தாங்க மாட்டாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கல்யாணமான புதுசுல அவர்தான் சொன்னாரு, ஊர்லயே வேகமா ஓட்டறவன் நான்னு. நான் வேற அதை அப்ப நம்பிப் பெருமைப்பட்டுட்டேன்."

வெளியே பாப்பாவின் குரல் கேட்டது. தெரு அதிரக் கத்தினாள். "முன்னாடி பாருங்கப்பா! கீழ பாக்காதீங்க!" கூடவே டிக்டிக்டிக். யாரோ ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள், இவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடப் போகிறார். டிக்டிக் வேகமாயிற்று. நின்றது. மறுபடி கேட்டது.

பிறகு நின்றது.

நின்றது நின்றதுதான். ஒரு வீடு தாண்டும் நேரம், இரண்டு வீடு தாண்டும் நேரம், தெருவில் சைக்கிள் சத்தமே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கன்னம் அந்தப் போட்டோவில் இருக்கிற மாதிரியே உப்பியிருந்தது. என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தடாலென்று ஒரு சத்தம். அலுமினியம் தரையில் உராய்ந்து போயிற்று. "அப்பா!" என்று பாப்பா ஓடுவது கேட்டது.

நான் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினேன். அக்கா என் கையின் மேல் கையை வைத்தாள்.

"இரு" என்றாள். "அவரே எழுந்திருக்கட்டும்."